பரிணாமப் பாடமும் அமெரிக்க நீதிமன்றங்களும்: ஆசிரியரின் நிலை குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூல் முன்வைத்த கோட்பாட்டை அறிவியலாளர் ஏற்பதா மறுப்பதா என்னும் விவாதம் ஆய்வுக்கூடங்களிலும் ஆய்விதழ்களிலும் நிகழ்ந்தது. அதனைப் பள்ளி மாணவர்க்குக் கற்பிக்கலாமா, கற்பித்தால் அதனோடு வேறொரு விளக்கத்தையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டுமா என்னும் விவாதமோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீதிமன்றம் ஏறியது. 1925இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய இவ்வழக்கு வரிசை எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் 2005இல் பென்சில்வேனியாவில் ஒரு கட்டத்தை எட்டியது. அதன் பின்னும் இச்சிக்கல் ஓய்ந்துவிட்டதாகக் கூறவியலாது.

இவ்வழக்குகளைச் 'சமயத்துக்கும் அறிவியலுக்கும் இடையிலான போர்' என எழுதுவதே பெருவழக்கு. நாம் அப்பார்வையை முற்றாக மறுக்கவில்லை. எனினும் தீர்ப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படிக்குங்கால் வேறொரு செய்தி புலனாகின்றது. பெரும்பாலான வழக்குகளின் முகப்பில் ஓர் ஆசிரியர் நிற்கிறார். வழக்கின் பெயரே சில வேளைகளில் அவ்வாசிரியரின் பெயராக இருக்கிறது. ஆனால் 'எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா?' என்னும் வினாவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒதுக்கி வைத்துவிட்டு வேறு காரணத்தின்மேல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் வென்ற வழக்கிலும் ஆசிரியரின் உரிமை வெல்லவில்லை. இந்த இடைவெளியையே இக்கட்டுரையில் நாம் பின்தொடர்கின்றோம்.

அதற்கு முன் அந்நாட்டுக் கல்வி ஆட்சிமுறை பற்றி ஒரு சொல். நம் நாட்டைப் போன்று ஒரு கல்வி அமைச்சு நாடு முழுமைக்கும் பாடத்திட்டம் வகுக்கும் முறை அமெரிக்காவில் இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்துக்குள்ளும் வட்டாரப் பள்ளி வாரியங்களுக்குப் பெரும் அதிகாரம் உண்டு. அவ்வாரிய உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊர் மக்களால் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அவர்கள் கல்வியாளராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே, பாடநூலில் என்ன இருக்க வேண்டும் என்பது அங்கே தேர்தல் அரசியலோடு பின்னிப் பிணைந்த ஒன்றாகும்.

டேட்டன், 1925

டென்னசி சட்டமன்ற உறுப்பினரான ஜான் வாஷிங்டன் பட்லர் ஓர் உழவர். அவர் கொண்டுவந்த சட்டம் 1925 மார்ச் மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. மனிதன் இறைவனால் படைக்கப்பட்டான் என்னும் விவிலியக் கூற்றை மறுத்து, அவன் கீழ்நிலை விலங்கினத்திலிருந்து தோன்றினான் எனக் கற்பித்தலை அரசுப் பணம் பெறும் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அச்சட்டம் தடை செய்தது. மீறுவோர்க்கு 100 முதல் 500 டாலர் வரை தண்டம். தண்டனைக்குரியவர் ஆசிரியரே. பாடநூலை எழுதியவரோ அச்சிட்டவரோ அதற்கு ஒப்புதல் அளித்த அரசுக் குழுவோ அல்லர். இந்நுட்பத்தை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமைக் கழகம் இச்சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்கு உதவுவதாக நாளிதழ் வாயிலாக அறிவித்தது. டேட்டன் என்னும் சிற்றூரின் முக்கியப் புள்ளிகள் சிலர் ராபின்சன் மருந்துக் கடையில் கூடிப் பேசி, தம் ஊருக்குப் பெயர் கிடைக்கும் என்னும் எண்ணத்தோடு ஜான் ஸ்கோப்ஸ் என்னும் 24 வயது இளைஞரை அழைத்தனர். அவர் பொது அறிவியல் ஆசிரியர். கால்பந்துப் பயிற்றுநரும் ஆவார். வழக்கமான உயிரியல் ஆசிரியருக்குப் பதிலாகச் சில நாள்கள் வகுப்பெடுத்தவர். அந்நாள்களில் தாம் பரிணாமத்தைக் கற்பித்தோமா என்பதே அவருக்கு உறுதியாக நினைவில் இல்லை. அவர் பயன்படுத்திய பாடநூல், ஜார்ஜ் வில்லியம் ஹன்டர் 1914இல் வெளியிட்ட 'குடிமை உயிரியல்'. இந்நூலுக்கு டென்னசி அரசே ஒப்புதல் அளித்திருந்தது. அரசு தந்த நூலை ஆசிரியர் நடத்தினால் அரசுச் சட்டத்தின்படி குற்றவாளி!

இவ்விடத்தில் அப்பாடநூல் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். அறிவியலின் சார்பில் நின்ற நூல் என்பதால் அது குறையற்றது என எண்ணிவிடலாகாது. மனித இனங்களை ஐந்தாக வகுத்து வெள்ளையரை உச்சியில் வைத்த நூல் அது. 'தகுதியற்றோர்' பெருகாமல் தடுக்க வேண்டும் என்னும் இனமேம்பாட்டுக் கருத்தையும் மாணவர்க்குப் போதித்தது. ஆசியர்களாகிய நாம் அப்பக்கங்களைப் படிக்கும்போது, டேட்டன் வழக்கை ஒளிக்கும் இருளுக்கும் இடையே நிகழ்ந்த போராகச் சித்திரிப்போர் எதை விட்டுவிடுகின்றனர் என்பது விளங்கும்.

விசாரணை 1925 ஜூலை 10ஆம் நாள் தொடங்கி 21ஆம் நாள் முடிவுற்றது. சிகாகோ வானொலி நிலையமொன்று அதனை நேரடியாக ஒலிபரப்பியது. ஸ்கோப்ஸ் சார்பில் கிளாரன்ஸ் டாரோவும், அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் வாதாடினர். பிரையன் மும்முறை அமெரிக்க அதிபர் தேர்தலில் மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளராக நின்றவர். வெளியுறவுச் செயலாளராகவும் இருந்தவர். அவரை வெறும் பழைமைவாதியாகக் காட்டுவது முறையன்று. வரி செலுத்தும் மக்களே பள்ளியை நடத்துகின்றனர். ஆகவே தம் பிள்ளைகளுக்கு எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கே உண்டு. கூலி பெறும் ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை என்பது அவருடைய வாதத்தின் உயிர்நாடி. இது மக்களாட்சியின் பெயரால் எழுந்த வாதம்.

டாரோ பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, நீதிமன்றத்துக்கு வெளியே புல்வெளியில் வைத்து விவிலியம் பற்றிக் கேள்விக்கணை தொடுத்த காட்சி நாடகங்களிலும் திரைப்படத்திலும் இடம்பெற்றுப் புகழடைந்தது. சட்ட நோக்கில் அக்காட்சிக்கு மதிப்பில்லை. நீதிபதி ரால்ஸ்டன் மறுநாளே அதனைப் பதிவிலிருந்து நீக்கினார். அறிவியலாளரின் சான்றுரையைச் சான்றாயர் குழுவின் முன் வைக்கவும் அவர் இசையவில்லை. குழு ஒன்பது நிமிடங்களில் ஸ்கோப்ஸ் குற்றவாளி என முடிவு கூறியது. நீதிபதி 100 டாலர் தண்டம் விதித்தார். ஐந்து நாள்களில் பிரையன் டேட்டனிலேயே காலமானார்.

1927 ஜனவரியில் டென்னசி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே நம் நோக்கத்துக்கு இன்றியமையாதது. மாநில அரசமைப்பின்படி 50 டாலருக்கு மேற்பட்ட தண்டத்தைச் சான்றாயர் குழுவே விதிக்க வேண்டும். நீதிபதி விதித்தது செல்லாது என்று கூறித் தண்டனையை அது நீக்கியது. ஆனால் சட்டம் செல்லும் என்றது. ஸ்கோப்ஸ் அரசின் ஊழியர். அரசு விதிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டே அவர் பணிபுரிய முடியும். வகுப்பறைக்கு வெளியே அவர் எதையும் நம்பலாம், எதையும் பேசலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். வழக்கை மேலும் தொடர வேண்டாம் என்றும் நீதிமன்றம் ஆலோசனை கூறிற்று. இதனால் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும் வழி அடைபட்டது. பட்லர் சட்டம் 1967 வரை ஏட்டில் நீடித்தது.

அத்தீர்ப்பை இன்றைய கண்கொண்டு குறை கூறுவது எளிது. அன்றைய சட்ட நிலையை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அரசு எந்தச் சமயத்தையும் நிறுவலாகாது என்னும் முதலாம் திருத்தத்தின் விதி அக்காலத்தில் கூட்டரசை மட்டுமே கட்டுப்படுத்தியது, மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. 1947ஆம் ஆண்டின் எவர்சன் வழக்கிலேயே அவ்விதி மாநிலங்களுக்கும் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் கூறியது. டாரோவின் கையில் இல்லாத கருவி அது.

பாடநூலின் மௌனம்

டேட்டனில் அறிவியல் வென்றதாக நாளிதழ்கள் எழுதின. பள்ளிகளில் நிகழ்ந்ததோ வேறு. மிசிசிப்பி 1926இல் இத்தகைய தடைச் சட்டத்தை இயற்றியது. ஆர்கன்சாவில் 1928ஆம் ஆண்டு மக்கள் நேரடியாக வாக்களித்தே தடையைக் கொண்டுவந்தனர். பதிப்பாளர்கள் எல்லா மாநிலங்களிலும் விற்கக்கூடிய நூலையே விரும்பினர். ஹன்டரின் நூல்கூடப் பிந்திய பதிப்பில் மாற்றம் கண்டது. டேட்டன் வழக்குக்குப் பின்னர் உயர்நிலைப்பள்ளி உயிரியல் நூல்களில் பரிணாமம் மங்கிப்போயிற்று என ஜுடித் கிராபினரும் பீட்டர் மில்லரும் 1974இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அம்மங்கல் அவர்கள் கூறிய அளவுக்கு இருந்ததா என்பது குறித்துப் பின்வந்த ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், எந்தச் சட்டமும் தேவைப்படாமலே ஒரு பாடம் சுருங்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதும் அமெரிக்கா தன் அறிவியல் கல்வியை மறு ஆய்வு செய்தது. 1958இல் தோன்றிய உயிரியல் பாடத்திட்ட ஆய்வுக்குழு கூட்டரசின் நிதியுதவியுடன் புதிய நூல்களை உருவாக்கியது. அவற்றில் பரிணாமம் மையக் கருத்தாக அமைந்தது.

எப்பர்சன்: வெற்றியும் ஒதுக்கப்பட்ட வினாவும்

1965ஆம் ஆண்டு லிட்டில் ராக் நகரின் பள்ளிகளுக்குப் பரிணாமப் பகுதி கொண்ட புதிய உயிரியல் நூல் தரப்பட்டது. சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை சூசன் எப்பர்சன் இக்கட்டில் சிக்கினார். பாடநூலை நடத்தினால் 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வேலையும் போகும். நடத்தாவிட்டால் நிர்வாகம் விதித்த கடமையிலிருந்து தவறியவர் ஆவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஸ்கோப்ஸ் நின்ற அதே இடம். எப்பர்சன் கிறித்துவ நம்பிக்கை உடையவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. சமய எதிர்ப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கன்று இது.

கீழ் நீதிமன்றம் கற்பிக்கும் உரிமையையும் கருத்துரிமையையும் அடிப்படையாகக் கொண்டு அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் 1967இல் இரண்டே வாக்கியங்களில் அதனைத் தள்ளுபடி செய்தது: பாடத்திட்டம் வகுப்பது மாநிலத்தின் அதிகாரம் என்றது. 1968 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆர்கன்சா சட்டத்தை நீக்கியது. தீர்ப்பை எழுதிய ஏப் ஃபோர்டாஸ் டென்னசியின் மெம்பிஸ் நகரில் பிறந்தவர். டேட்டன் விசாரணை நிகழ்ந்தபோது அவர் பதினைந்து வயதுச் சிறுவர்.

ஃபோர்டாஸ் கூறியது யாது? பாடத்திட்டம் வகுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட சமயக் குழுவின் கொள்கைக்கு முரணானது என்பதற்காகவே அறிவுத் துறையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இவ்வொரு காரணமே போதும். கற்பிக்கும் உரிமை பற்றிய விரிந்த வினாவுக்குள் நுழைய வேண்டியதில்லை என அவர் விலகிக்கொண்டார். முடிவோடு உடன்பட்டுத் தனியே எழுதிய நீதிபதி ஹ்யூகோ பிளாக் இன்னும் வெளிப்படையாக இருந்தார். பள்ளி நிர்வாகம் விரும்பாத பொருளை வகுப்பில் பேசும் அரசமைப்புரிமை ஆசிரியருக்கு உண்டு என்று கூறத் தாம் ஆயத்தமாக இல்லை என்றார். ஆசிரியை வென்றார். அவர் எந்த உரிமைக்காக நின்றாரோ அவ்வுரிமை கீழ் நீதிமன்றத்தின் தாள்களிலேயே தங்கிவிட்டது.

தடையிலிருந்து சமநிலைக்கு

தடை இனிச் செல்லாது என்றானபின் எதிர்த்தரப்பின் உத்தி மாறியது. 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழியே விவிலியத்தின் படைப்பு வரலாற்றுக்கும் பாடநூலில் சம அழுத்தம் தர முயன்ற டென்னசி, 1975இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. வெளிப்படையான விவிலியச் சார்பு எடுபடாது என்பது தெளிவாயிற்று. இதற்குள் 1971ஆம் ஆண்டின் லெமன் வழக்கு மூன்று சோதனைகளை வகுத்திருந்தது: சட்டத்துக்குச் சமயச் சார்பற்ற நோக்கம் இருத்தல் வேண்டும், அதன் முதன்மை விளைவு சமயத்தை வளர்ப்பதாகவோ ஒடுக்குவதாகவோ இருத்தலாகாது, அரசும் சமயமும் மிகையாகப் பின்னிக்கொள்ளலாகாது. இதன்பின் எழுந்த சட்டங்களைப் படிப்போர், அவற்றை வரைந்தோர் முந்திய தீர்ப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே வரைந்தனர் என்பதை உணர்வர். 'ஆதியாகமம்' மறைந்தது, 'படைப்பு அறிவியல்' தோன்றியது.

1981இல் ஆர்கன்சாவும் லூசியானாவும் படைப்பு அறிவியலுக்கும் பரிணாமத்துக்கும் 'சமச்சீரான இடம்' தரும் சட்டங்களை இயற்றின. ஆர்கன்சாச் சட்டத்தை எதிர்த்த மெக்லீன் வழக்கில் வாதிகளுள் பெரும்பகுதியினர் மெதடிஸ்ட், கத்தோலிக்கம் முதலான திருச்சபைகளைச் சேர்ந்த சமயத் தலைவர்கள் என்பது பலர் அறியாத செய்தி. மெக்லீன் என்பவரே ஒரு போதகர். சமயம் ஒரு பக்கம், அறிவியல் மறுபக்கம் என்னும் சித்திரம் இங்குச் சிதைந்துபோகிறது.

அரசுத் தரப்புச் சாட்சிகளுள் ஒருவர் இலங்கையில் பிறந்த வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்க. உயிரின் வித்துகள் வால்வெள்ளிகளின் வழியே விண்ணிலிருந்து வந்தன என்னும் கருத்துடையவர் அவர். டார்வினியத்தைக் கடுமையாக விமர்சித்தவர். எனினும் உலகளாவிய ஒரே வெள்ளத்தால் புவியின் அமைப்பை விளக்க முடியும் என்றோ, புவியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்றோ அவர் ஏற்கவில்லை. இவரை அரசுத் தரப்பு எதற்காக அழைத்தது என்பது விளங்கவில்லை என்று நீதிபதி வில்லியம் ஓவர்டன் தம் தீர்ப்பிலேயே வியந்தார். 1982 ஜனவரி 5ஆம் நாள் வெளியான அத்தீர்ப்பு, அறிவியலுக்குரிய இலக்கணங்களாக இயற்கை விதி வழி நிற்றல், அதன்வழி விளக்குதல், சோதனைக்கு உட்படல், முடிந்த முடிபாகாமை, பொய்ப்பிக்கத்தக்கதாதல் ஆகிய ஐந்தைக் கூறிச் சட்டத்தை நீக்கியது. மெய்யியலாளர் லாரி லாடன் இவ்விலக்கணத்தைச் சாடினார். படைப்பு அறிவியலின் கூற்றுகள் சோதிக்கத்தக்கவை, சோதிக்கப்பட்டுப் பொய்யென நிறுவப்பட்டவை; ஆகவே அவற்றைச் சோதிக்க முடியாதவை என்பது பிழை என்பது அவர் வாதம். லாடனின் கூற்றில் வலுவிருப்பதாகவே நாம் கருதுகின்றோம். தீர்ப்பின் முடிவு சரி. வழி முழுவதும் சரியன்று.

லூசியானாச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இவ்வழக்கின் பெயரிலும் ஓர் ஆசிரியர்: டான் அகில்லார்ட். 1987 ஜூன் 19ஆம் நாள் 7-2 என்னும் பெரும்பான்மையில் அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சட்டம் தன் நோக்கமாக அறிவித்துக்கொண்டது 'கல்வியுரிமையைக் காத்தல்' என்பதாகும். ஆசிரியரின் உரிமை என்னும் கொடியை இப்பொழுது எதிரணி ஏந்தியது. நீதிபதி பிரென்னன் அதை ஏற்கவில்லை. புதிய கோட்பாடுகளை எடுத்துரைக்கும் வாய்ப்பு ஆசிரியர்க்கு ஏற்கெனவே இருந்தது. இச்சட்டம் எதையும் கூட்டித் தரவில்லை. ஒன்றைக் கற்பித்தால் மற்றொன்றையும் கற்பித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்திக் குறைக்கவே செய்தது என்றார். மறுப்புரை எழுதிய ஸ்கேலியா, முழு விசாரணை நடைபெறாத வழக்கில் சட்டமன்ற உறுப்பினர்களின் உள்நோக்கத்தை நீதிமன்றம் எங்ஙனம் அறியும் என வினவினார். நோக்கச் சோதனையின் உண்மையான இடரை அவ்வினா தொடுகின்றது என்பதை எதிர்க்கருத்து உடையோரும் ஒப்புவர்.

பிரென்னன் தீர்ப்பின் ஒரு பகுதி அடுத்த கட்டத்துக்கு வாயில் திறந்தது. சமயச் சார்பற்ற தெளிவான நோக்கத்துடன், மனிதகுலத் தோற்றம் பற்றிய பல்வேறு அறிவியல் கோட்பாடுகளைக் கற்பிப்பதற்குத் தடையில்லை என அவர் கூறியிருந்தார். எதிரணியினர் அவ்வாயிலை உடனே கண்டுகொண்டனர்.

டோவர், 2004-2005

'பாண்டாக்களும் மக்களும் குறித்து' என்னும் துணைப்பாட நூல் 1989இல் வெளிவந்தது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்னும் தொடரைப் பள்ளி மாணவரிடம் கொண்டுசென்ற நூல் இதுவாகும். உயிரினங்களின் சிக்கலான அமைப்பு ஓர் அறிவுடைய வடிவமைப்பாளரைச் சுட்டுகிறது என்பது இதன் வாதம். அவ்வடிவமைப்பாளர் யார் என்பதை நூல் கூறாது. பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் 2004 அக்டோபர் 18ஆம் நாள், டார்வினின் கோட்பாட்டில் உள்ள இடைவெளிகளையும் அறிவார்ந்த வடிவமைப்பையும் மாணவர்க்கு அறிவிக்க வேண்டுமென 6-3 வாக்கில் முடிவெடுத்தது. நம் நாட்டுப் படிவம் மூன்றுக்கு ஏறத்தாழ நிகரான ஒன்பதாம் வகுப்பு உயிரியல் பாடத்தின் தொடக்கத்தில் ஆசிரியர் ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. டார்வினின் கருத்து ஒரு 'தியரி', அது உறுதியான உண்மையன்று என்பதும், மேற்படி நூல் நூலகத்தில் கிடைக்கும் என்பதும் அவ்வறிக்கையின் செய்தி.

மொழியாசிரியர்களாகிய நாம் இங்குச் சற்று நிற்கலாம். ஆங்கில அன்றாட வழக்கில் 'தியரி' என்னும் சொல் ஊகத்தையும் குறிக்கும். அறிவியலிலோ சான்றுகளால் நிலைநாட்டப்பட்ட விளக்க முறையைக் குறிக்கும். ஒரே சொல்லின் இவ்விரு பொருளுக்கும் இடையில்தான் டோவர் அறிக்கை நின்றது. தமிழில் ஊகம் வேறு, கருதுகோள் வேறு, கோட்பாடு வேறு. அவ்வறிக்கையை 'அது வெறும் கோட்பாடே' எனத் தமிழாக்கினால் வாசகருக்கு ஒன்றும் உறைக்காது. 'அது வெறும் ஊகமே' எனத் தமிழாக்கினால் மூலத்தின் இரட்டைப் பேச்சு வெளிப்பட்டுவிடும். ஒரு மொழியின் சொல்வளக் குறை அம்மொழி பேசுவோரின் சட்டச் சிக்கலாக உருவெடுப்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

டோவரின் அறிவியல் ஆசிரியர்கள் அவ்வறிக்கையை வாசிக்க மறுத்தனர். தாம் கற்பிக்கும் பாடத்தைத் தெரிந்தே திரித்துக் கூறலாகாது என்னும் மாநில ஆசிரியர் நடத்தை நெறியை அவர்கள் காரணமாகக் காட்டினர். 2005 ஜனவரியில் பள்ளி நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்துச் சென்றனர். உரிமை கேட்டுத் தோற்ற இடத்தில் ஆசிரியர்கள் கடமையைக் காட்டி நின்றனர். நாம் அறிந்தவரை இவ்வரலாற்றில் ஆசிரியர் தரப்பின் மிகக் கூர்மையான வாதம் இதுவே. எனினும் வழக்குத் தொடுத்தோர் அவர்கள் அல்லர், பெற்றோர் பதினொருவர்.

ஹாரிஸ்பர்க் நகரில் 2005 செப்டம்பர் 26 முதல் நவம்பர் 4 வரை சான்றாயர் குழு இன்றி விசாரணை நடைபெற்றது. மேற்படி நூலின் அச்சேறாத வரைவுகளை மெய்யியல் பேராசிரியர் பார்பரா ஃபாரஸ்ட் ஒப்பிட்டுக் காட்டினார். பாடவேறுபாட்டு ஆய்வில் பழகிய தமிழறிஞருக்கு இப்பகுதி மிகவும் சுவையானது. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு முந்திய வரைவுகளில் 'படைப்பு' என்றும் அதன் திரிபுகளாகவும் இருந்த சொற்கள் பிந்திய வரைவில் ஏறத்தாழ 150 இடங்களில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' எனவும் அதன் திரிபுகளாகவும் மாற்றப்பட்டிருந்தன. ஓரிடத்தில் மாற்றம் அரைகுறையாக நின்று, பழைய சொல்லின் தலையும் வாலும் புதிய தொடரை இருபுறமும் கவ்விக்கொண்டிருந்தன. ஏட்டுச்சுவடியில் எழுதினோரின் கைப்பிழை மூலபாடத்தைக் காட்டிக்கொடுப்பது போன்றதே இதுவும். வடிவமைப்புத் தரப்பின் முதன்மைச் சாட்சியான உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, 'அறிவியல் கோட்பாடு' என்பதற்குத் தாம் தரும் விரிந்த வரையறையில் சோதிடமும் அடங்கும் எனக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்.

அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்த நீதிபதி மூன்றாம் ஜான் ஜோன்ஸ் 2005 டிசம்பர் 20ஆம் நாள் 139 பக்கத் தீர்ப்பை வழங்கினார். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியலன்று. படைப்புக் கொள்கையின் வழித்தோன்றலே. வாரியத்தின் நோக்கம் சமயம் சார்ந்ததே என்றார். வாரியத்தினர் சிலர் சாட்சியத்தில் உண்மை பேசவில்லை என்றும் எழுதினார். பரிணாமக் கோட்பாட்டை இழித்துரைக்கும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்தலாகாது என்னும் தொடர் அவருடைய ஆணையில் இடம்பெற்றது. ஆசிரியரை எதையும் கற்பிக்க விடுங்கள் என்று அவ்வாணை கூறவில்லை. எதையும் சொல்லக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றே கூறியது. தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் 8ஆம் நாள் தேர்தலில் அம்முடிவை ஆதரித்துப் போட்டியிட்ட வாரியத்தினர் அனைவரும் தோற்றிருந்தனர். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. எனவே இத்தீர்ப்பு அம்மாவட்ட எல்லைக்கு அப்பால் சட்டமுறையில் எவரையும் கட்டுப்படுத்தாது. வழக்குச் செலவாகப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் அவ்வூர் செலுத்த நேர்ந்தது.

'கல்வியுரிமை' என்னும் புதிய கொடி

படைப்புக் கொள்கையைக் கற்பிக்க விரும்பிய ஆசிரியர்களும் நீதிமன்றம் சென்றதுண்டு. இலினாய் மாநில ஆசிரியர் ஒருவர் 1990இலும், கலிபோர்னியா ஆசிரியர் ஒருவர் 1994இலும் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தோற்றனர். வகுப்பறையில் ஆசிரியர் பள்ளியின் குரல். பள்ளி தன் குரலை வரையறுக்கலாம் என்பதே அத்தீர்ப்புகளின் போக்கு. 1927இல் ஸ்கோப்ஸுக்குக் கூறப்பட்டதும் ஏறத்தாழ இதுவே. அன்று பரிணாமத்தைத் தடுத்த அதே தருக்கம் பின்னாளில் அதனைக் காத்தது.

இந்நிலையிலேயே 2008இல் லூசியானாவும் 2012இல் டென்னசியும் இயற்றிய சட்டங்களை நோக்க வேண்டும். இவை படைப்பு என்றோ வடிவமைப்பு என்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. பரிணாமம், புவி வெப்பமாதல் முதலானவற்றைத் திறனாய்வு நோக்கில் அணுகும் ஆசிரியருக்குப் பாதுகாப்பு அளிப்பதாகவே கூறின. 2024இல் மேற்கு வர்ஜீனியா இயற்றிய சட்டமும் உலகமும் உயிரும் தோன்றியமை பற்றி மாணவர் வினவும்போது அறிவியல் கோட்பாடுகளைப் பற்றி ஆசிரியர் விடையளிப்பதைத் தடுக்கலாகாது என்னும் வடிவிலேயே அமைந்தது. கட்டாயம் இல்லை; ஆகவே எதிர்த்து வழக்காட ஒரு பிடியும் இல்லை. எப்பர்சன் கேட்டுக் கிடைக்காத உரிமையை இச்சட்டங்கள் வேறொருவருக்கு வேறொரு நோக்கத்துக்காக வழங்குகின்றன என்பதே நம் கணிப்பு.

இதற்கிடையே அடித்தளமும் அசைந்துவிட்டது. 2022 ஜூன் 27ஆம் நாள், ஆட்டம் முடிந்ததும் திடலில் இறைவேண்டல் செய்த பள்ளிக் கால்பந்துப் பயிற்றுநர் கென்னடியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்னும் பெரும்பான்மையில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. லெமன் சோதனையைத் தான் நெடுநாள்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டதாகவும், இனி வரலாற்று மரபையும் அதன் பொருள்கோளையும் கொண்டே இத்தகைய வழக்குகளை அளக்க வேண்டும் என்றும் கூறியது. 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது வெளிப்படையாக நீக்கவில்லை. ஆனால் அத்தீர்ப்பும் ஜோன்ஸின் தீர்ப்பும் நின்றது லெமன் சோதனையின்மேல். ஸ்கோப்ஸும் கால்பந்துப் பயிற்றுநர் என்பது வெறும் தற்செயலே. ஆயினும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வழக்குகளுக்கு வெளியே உள்ள வகுப்பறையை அறிய மைக்கேல் பெர்க்மன், எரிக் பிளட்சர் ஆகியோரின் ஆய்வு உதவுகின்றது. 2007இல் 926 உயர்நிலைப்பள்ளி உயிரியல் ஆசிரியரிடம் அவர்கள் திரட்டிய தரவுகள் 2011இல் வெளிவந்தன. பரிணாமத்தை ஐயத்துக்கு இடமின்றிக் கற்பித்தோர் ஏறத்தாழ 28 விழுக்காடு. படைப்புக் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தோர் 13 விழுக்காடு. எஞ்சிய 60 விழுக்காட்டினர் இரண்டுக்கும் இடையில், எவரையும் புண்படுத்தாமல், மேலோட்டமாகத் தொட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோர். இவர்களுள் ஒருவர் மீதும் வழக்கில்லை. இவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவுமில்லை. தம் பாடத்தில் போதிய பயிற்சி இல்லாமையும் பெற்றோரின் சினத்தைத் தவிர்க்கும் விருப்பமும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2019இல் இவ்வாய்வு மீண்டும் நடத்தப்பட்டபோது, பரிணாமத்தை ஏற்புடைய அறிவியலாக மட்டுமே எடுத்துரைத்தோர் 51 விழுக்காட்டிலிருந்து 67 விழுக்காடாக உயர்ந்திருந்தனர். அவ்விடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் பரிணாமக் கல்வி குறித்து உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கையும் விசாரிக்கவில்லை. மாறியவை அறிவியல் பாடத்தரங்களும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்பட்ட உயிரியலுமே.